திரும்பி வரும் படிவம்: நன்கொடைப் பதிவில் பார்கோடு

அஞ்சல் வழியாக நன்கொடை திரட்டும் ஒரு தொண்டு நிறுவனத்தில், பணம் வந்து சேர்வதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. உறையைப் பிரிக்க வேண்டும். உள்ளே இருக்கும் காசோலையையோ பணத்தையோ படிவத்தோடு ஒப்பிட வேண்டும். கொடுத்தவர் யார் என்பதைத் தரவுத்தளத்தில் தேட வேண்டும். எந்த வேண்டுகோள் கடிதத்துக்குப் பதிலாக அந்தப் பணம் வந்தது என்பதைக் குறிக்க வேண்டும். படிவக் கட்டின் மொத்தத்தை வங்கிச் சலானோடு நேர்செய்ய வேண்டும். ரசீதும் நன்றிக் கடிதமும் அனுப்ப வேண்டும். இத்தகைய பதிவுப் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இவற்றுள் அதிக நேரத்தை எடுத்துக்கொள்வதும், அதிகப் பிழைக்கு இடம் கொடுப்பதும், ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கும் அந்த ஒரு வேலைதான்.

ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் கொண்ட பலர் பட்டியலில் இருப்பார்கள். ஒரே வீட்டில் தந்தையும் மகளும் தனித்தனியே நன்கொடை அளிப்பவர்களாக இருக்கலாம். ஒருவர் சென்ற ஆண்டு ஒரு விதமாக எழுதிய பெயரை இந்த ஆண்டு வேறு விதமாக எழுதியிருப்பார்; இன்னொருவர் வீடு மாறியிருப்பார்; மற்றொருவரின் கையெழுத்தில் கதவு எண் ஒன்றா ஏழா என்பது விளங்காது. பதிவாளர் இரண்டு முறை தேடுவார். கிடைக்காவிட்டால் புதிய பதிவு ஒன்றை உருவாக்கிவிடுவார். அந்த நிமிடத்திலிருந்து ஒரே மனிதர் நிறுவனத்தின் கணக்கில் இருவராகிவிடுகிறார். அவருக்கு இனி ஒவ்வொரு கடிதமும் இரண்டாக வரும். சென்ற வாரம் பணம் அனுப்பியவருக்கே ‘நீங்கள் நெடுநாளாக எங்களுக்கு உதவவில்லையே’ என்று நினைவூட்டலும் போகும். நல்ல மனத்தோடு கொடுத்தவரை இதைவிடப் புண்படுத்தக்கூடிய கடிதம் வேறு இருக்க முடியாது.

இதில் வருத்தத்துக்குரிய செய்தி, தேடும் விடை நம்மிடமே முன்பு இருந்தது என்பதுதான். கடிதத்தை அச்சிட்ட அன்று, அது யாருக்குப் போகிறது, எந்த வேண்டுகோளின் பகுதியாகப் போகிறது என்பதெல்லாம் நமக்குத் துல்லியமாகத் தெரியும். தெரிந்ததைக் காகிதத்தில் எழுதி அனுப்பாமல் விட்டுவிட்டு, அது திரும்பி வந்த பிறகு மறுபடி கண்டுபிடிக்கப் பாடுபடுகிறோம். பதில் படிவத்தின் ஓரத்தில் ஒரு பார்கோட்டை அச்சிடுவது, அந்த விடையைக் காகிதத்தோடு அனுப்பிக் காகிதத்தோடே திரும்பப் பெறும் ஏற்பாடு. வேகம் அதனால் கிடைக்கும் கூடுதல் பயன், முதற்பயன் அடையாளம்.

பார்கோட்டின் வரலாறு கடைகளைச் சுற்றியே சொல்லப்படுவதால், தொண்டு நிறுவனங்களில் பலர் அதைத் தங்களுக்கு உரியதல்ல என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நார்மன் ஜோசப் உட்லண்ட், பெர்னார்ட் சில்வர் என்னும் இருவர் 1949இல் விண்ணப்பித்து 1952இல் காப்புரிமை பெற்ற கருத்து அது. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டிராய் என்ற ஊரின் பல்பொருள் அங்காடியில் ஒரு சூயிங்கம் பொதியின் மீது இன்றைய வணிகக் குறியீடு முதன்முதலாகப் படிக்கப்பட்டது. ஆனால் கடைக் குறியீட்டுக்கும் நமக்கு வேண்டியதற்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. கடையில் ஒரே வகைப் பொதிகள் அனைத்திலும் ஒரே எண்தான் இருக்கும். அது பொருளின் வகையைச் சொல்கிறது. நன்கொடைப் படிவத்திலோ ஒவ்வொரு தாளுக்கும் தனி எண் வேண்டும். நூலகப் புத்தகத்துக்கும் பதிவுத் தபாலுக்கும் நெருக்கமான தேவை இது. ஆகவே உலகளாவிய வணிக எண் எதையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நம் நிறுவனத்துக்குள் மட்டும் பொருள் தரும் எண் போதும். அதற்கு ஏற்றவை, 1974இல் உருவான ‘கோடு 39’ (Code 39), 1981இல் வந்த ‘கோடு 128’ (Code 128) ஆகிய இரு பார்கோடு வகைகளும்.

எண்ணை எப்படி அமைப்பது என்பதில்தான் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். கொடையாளர் எண் 482716 என்று வைத்துக்கொள்வோம். அதன் இறுதியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் சேர்க்கப்படுகிறது. ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1950களில் வகுத்த முறைப்படி, வலப்புறத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டித்து, இரட்டித்த விடை ஈரிலக்கமானால் அவ்விரண்டையும் கூட்டி, பிறகு அனைத்தையும் கூட்ட வேண்டும். இங்கே 6 இரட்டித்தால் 12, அதாவது 3, அடுத்த 1 அப்படியே, 7 இரட்டித்தால் 14, அதாவது 5, 2 அப்படியே, 8 இரட்டித்தால் 16, அதாவது 7, 4 அப்படியே. மொத்தம் 22. அடுத்த பத்தின் மடங்கான 30ஐ எட்ட 8 தேவை. ஆகவே முழு எண் 4827168. யாராவது அவசரத்தில் 8ஐயும் 2ஐயும் இடம் மாற்றி 4287168 என்று தட்டினால், கூட்டுத்தொகை 33 ஆகிவிடும். பத்தின் மடங்கு இல்லை என்பதால் கணினி உடனே மறுத்துவிடும். ஓர் இலக்கம் மட்டும் தவறினால் இம்முறை எப்போதும் கண்டுபிடிக்கும். அடுத்தடுத்த இரண்டு இடம் மாறுவதையும், 0-வும் 9-உம் மாறிக்கொள்ளும் ஒரு நிலை தவிர மற்ற எல்லா நிலையிலும் கண்டுபிடிக்கும்.

ஸ்கேனர்தானே படிக்கப்போகிறது, கோடு 128 தனக்குள்ளேயே 103ஆல் வகுத்துக் கிடைக்கும் மீதியைக் கொண்ட ஒரு சரிபார்ப்பு எழுத்தை வைத்திருக்கிறதே, பிறகு எதற்கு இந்தக் கணக்கு என்று கேட்பார்கள். தாள் ஈரத்தில் நனைந்து வரும். கொடையாளர் கோடுகளின் மீதே கையெழுத்திட்டிருப்பார். உறையைப் பிரிக்கும்போது கத்தி அந்த ஓரத்தைச் சீவியிருக்கும். அப்போது பதிவாளர் கோடுகளுக்குக் கீழே உள்ள இலக்கங்களைக் கண்ணால் படித்துக் கையால் தட்டத்தான் வேண்டும். ஸ்கேனருக்குள் இருக்கும் பாதுகாப்பு கைக்கு உதவாது. எண்ணுக்குள் இருக்கும் சரிபார்ப்பு இலக்கம்தான் உதவும். இதே காரணத்தால், கோடுகளுக்குக் கீழே இலக்கங்களை மனிதர் படிக்கும் அளவில் அச்சிடாத பார்கோட்டை நான் எந்தப் படிவத்திலும் ஏற்றுக்கொள்ள மாட்டேன். அழகுக்காக அந்த வரியை நீக்கிவிடும்படி வடிவமைப்பாளர்கள் கேட்பது வழக்கம். அந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கொடையாளர் எண்ணுக்குப் பின் வேண்டுகோளின் எண் நான்கு இலக்கம், கடிதத்தின் வடிவத்தைக் குறிக்க ஓர் இலக்கம் என்று சேர்த்தால் 482716803122 என்ற பன்னிரண்டு இலக்கம் கிடைக்கும். 0312 என்பது வேண்டுகோள்; கடைசி 2, இரண்டு விதமாக எழுதப்பட்ட கடிதத்தில் இரண்டாவதைப் பெற்றவர் இவர் என்பதைச் சொல்கிறது. பன்னிரண்டு என்ற இரட்டைப்படை எண்ணிக்கைக்கு ஒரு காரணம் உண்டு. கோடு 128இல் இலக்கங்களை இரண்டிரண்டாக ஒரே குறிக்குள் அடக்கும் வகை இருக்கிறது. அதனால் பன்னிரண்டு இலக்கமும் ஆறு குறிகளில் முடிந்துவிடும். தொடக்கக் குறி, சரிபார்ப்புக் குறி, முடிவுக் குறி எல்லாம் சேர்ந்து 101 அலகு அகலம்; மிகக் குறுகிய கோட்டின் அகலமே ஓர் அலகு. அதை மூன்றில் ஒரு மில்லிமீட்டர் என வைத்தால் ஏறக்குறைய 34 மில்லிமீட்டர்தான். அதே எண்ணைக் கோடு 39இல் அச்சிட்டால், அகலக் கோடு குறுகியதைப் போல் மூன்று மடங்கு எனக் கொள்ளும்போது, அதைவிட இரு மடங்குக்கும் மேலாக நீண்டுவிடும். படிவத்தின் ஓரத்தில் இடம் எவ்வளவு குறைவு என்பதை அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றாது.

இன்னொரு வழியும் உண்டு. கொடையாளர் எண்ணையும் வேண்டுகோள் எண்ணையும் ஒட்டவைக்காமல், அனுப்பும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு தொடர் எண் மட்டும் கொடுத்து, அந்த எண் யாரைக் குறிக்கிறது, எதைக் குறிக்கிறது என்பதைத் தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையாக வைத்துக்கொள்ளலாம். கோட்பாட்டளவில் இதுவே தூய்மையான முறை. எண்ணைப் பார்த்து எவரும் எதையும் ஊகிக்க முடியாது, வேண்டுகோள்கள் எத்தனை பெருகினாலும் இலக்கங்களுக்குப் பஞ்சம் வராது. ஆனால் அந்த அட்டவணை அச்சகத்துக்குக் கோப்பு போகும் முன்பே தரவுத்தளத்தில் ஏறியிருக்க வேண்டும். சிறிய நிறுவனங்களில் கடிதப் பட்டியலை ஒருவர் எக்செல்லில் தயாரித்து, கடைசி நேரத்தில் சிலரை நீக்கி, சிலரைச் சேர்த்து அச்சகத்துக்கு அனுப்புவார், அட்டவணை ஏறாது, படிவங்கள் திரும்பி வரும்போது எண்கள் அனாதையாக நிற்கும். அத்தகைய இடத்தில் கொடையாளர் எண்ணை வெளிப்படையாகச் சுமக்கும் கூட்டு எண்ணே பாதுகாப்பானது என்பது என் கருத்து. நிர்வாகம் முறைப்பட்ட பிறகு தொடர் எண்ணுக்கு மாறலாம்.

எக்செல்லைக் குறிப்பிட்டுவிட்டதால் ஓர் எச்சரிக்கை. பூச்சியத்தில் தொடங்கும் எண்ணை அது முன்பூச்சியம் இல்லாமல் சுருக்கிவிடும். பதினைந்து இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணில் மிஞ்சிய இலக்கங்களைப் பூச்சியமாக்கிவிடும். பார்கோடு எண்கள் இருக்கும் பத்தியை முதலிலேயே ‘எழுத்து’ வகையாக அறிவித்துவிட வேண்டும். பார்கோடு எழுத்துருவிலும் இதுபோன்ற ஒரு கண்ணி இருக்கிறது. கோடு 39 எழுத்துருவில் எண்ணுக்கு முன்னும் பின்னும் நட்சத்திரக் குறியிட்டால் போதும், ஸ்கேனர் படித்துவிடும். கோடு 128 எழுத்துருவில் இலக்கங்களை வெறுமனே தட்டினால் கோடுகள் அழகாகத் தோன்றும். ஆனால் தொடக்கக் குறியும் சரிபார்ப்புக் குறியும் கணக்கிட்டுச் சேர்க்கப்படாததால் எந்த ஸ்கேனரும் அதைப் படிக்காது.

அச்சிடும் கட்டத்தில் கெட்டுப்போகும் பார்கோடுகளே அதிகம். கோடுகளின் இரு பக்கமும் மிகக் குறுகிய கோட்டைப் போல் பத்து மடங்கு அகலத்துக்கு வெற்றிடம் விட வேண்டும். கோடு எங்கே தொடங்குகிறது என்பதை ஸ்கேனர் அந்த வெற்றிடத்தைக் கொண்டுதான் அறிகிறது. அங்கே ஒரு கட்டத்தின் ஓரக்கோடோ நிழற்படத்தின் விளிம்போ நுழைந்துவிட்டால் படிப்பு தடைப்படும். நிறமும் முக்கியம். தொண்டு நிறுவனங்கள் பலவற்றின் அடையாள நிறம் சிவப்பு; அச்சுச் செலவைக் குறைக்க ஒரே நிறத்தில் படிவத்தை அச்சிடும்போது பார்கோடும் சிவப்பாகிவிடுகிறது. பெரும்பாலான ஸ்கேனர்கள் சிவப்பு ஒளியைப் பாய்ச்சிப் படிப்பவை. சிவப்பு ஒளியில் சிவப்பு மையும் வெள்ளைத் தாளும் ஒன்றுபோலவே ஒளியைத் திருப்பி அனுப்புவதால், அந்தக் கருவிக்கு அங்கே கோடுகளே இருக்காது. கருப்பு மையும் வெள்ளைத் தாளும் என்பதோடு நின்றுவிடுவது நல்லது. மடிப்பு விழும் இடத்தில் கோடுகள் வரக் கூடாது; சாளர உறையின் வழியே தெரிய வேண்டுமானால், உள்ளே தாள் மேலும் கீழும் நகரும்போதும் கோடுகள் முழுவதுமாகத் தெரிகின்றனவா என்று உறையைக் குலுக்கிப் பார்க்க வேண்டும்.

கருவி பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சாதாரணக் கை ஸ்கேனர் கணினிக்கு ஒரு விசைப்பலகையாகவே தன்னைக் காட்டிக்கொள்கிறது; படித்த இலக்கங்களைத் தட்டச்சு செய்வதுபோல் அனுப்பி, இறுதியில் ‘என்டர்’ விசையை அழுத்துகிறது. இதனால் பழைய மென்பொருளிலும் தேடுகட்டத்தில் சுட்டியை வைத்து ஸ்கேனரை அழுத்தினால் வேலை நடந்துவிடும். புதிய மென்பொருள் வாங்கினால்தான் பார்கோடு சாத்தியம் என்று சொல்லும் விற்பனையாளரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

பதிவு மேசையில் வேலை எப்படி மாறுகிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். இருவர் சேர்ந்து உறைகளைப் பிரிக்கிறார்கள். பணமாக வந்தது, காசோலையாக வந்தது என்று பிரித்து, ஐம்பது படிவங்களுக்கு மேற்படாத கட்டுகளாக அடுக்குகிறார்கள். ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு முகப்புத் தாள். அதிலும் ஒரு பார்கோடு, கட்டின் எண். பிரித்தவர்கள் கூட்டிய மொத்தமும் அதில் கையால் எழுதப்பட்டிருக்கும். பதிவாளர் முதலில் முகப்புத் தாளை ஸ்கேன் செய்கிறார், கட்டு திறக்கிறது. பிறகு ஒரு படிவம்: கொடையாளரின் பெயரும் முகவரியும் திரையில் வருகின்றன, வேண்டுகோளின் எண் தானாக நிரம்புகிறது. அவர் கையால் இடுவது தொகை ஒன்றுதான். கட்டு முடிந்ததும் கணினி காட்டும் மொத்தமும் முகப்புத் தாளின் மொத்தமும் ஒன்றாக இருந்தால் கட்டு மூடப்படும். இல்லாவிட்டால் அந்த ஐம்பதுக்குள் தேடினால் போதும், அன்றைய முழு வரவையும் புரட்ட வேண்டியதில்லை. மேசையில் ஓர் அட்டை ஒட்டப்பட்டிருக்கும். ‘முகவரி மாற்றம்’, ‘இனிக் கடிதம் வேண்டாம்’, ‘ரசீது வேண்டாம்’, ‘ஆண்டுக்கு ஒரு கடிதம் போதும்’ என்பன போன்ற குறிப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பார்கோடு. படிவத்தை ஸ்கேன் செய்தபின் அட்டையில் உரிய கோட்டை ஸ்கேன் செய்தால் கொடையாளரின் விருப்பம் அந்த நொடியிலேயே பதிவாகிவிடும். அந்த விருப்பங்களைப் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒரு தட்டில் போட்டுவைக்கும் வழக்கம் இதனால் ஒழிகிறது.

வேண்டுகோளின் எண் தானாக நிரம்புவதன் பயனைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். கையால் தேர்ந்தெடுக்க விட்டால், களைத்துப்போன பதிவாளர் பட்டியலில் முதலில் தெரியும் பெயரையே தேர்ந்தெடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆண்டு முடிவில் எந்த வேண்டுகோள் எவ்வளவு ஈட்டியது என்ற அறிக்கை அந்தத் தேர்வுகளின் மீதுதான் நிற்கிறது. அகர வரிசையில் முதலில் வந்த வேண்டுகோள் பெரும் வெற்றி பெற்றதாகக் காட்டப்பட்டு, அடுத்த ஆண்டின் செலவுத் திட்டமும் அதை நம்பியே வகுக்கப்படும். ஒரு குறிப்பிட்ட பணிக்கென்று கொடுக்கப்பட்ட பணம் பொதுக் கணக்கில் சேர்ந்துவிடுவது அதைவிடக் கடுமையான பிழை. கொடையாளர் எதற்காகக் கொடுத்தாரோ அதற்கே அந்தப் பணம் செலவாக வேண்டும் என்பது நாம் அவருக்குக் கொடுத்த வாக்கு. வேண்டுகோளின் எண் அந்த வாக்கின் பதிவு.

இனி, இந்த ஏற்பாட்டில் நான் மிக முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கேனர் ஒலி எழுப்பித் திரையில் ஒரு பெயர் வந்ததும், பணம் கொடுத்தவர் அவர்தான் என்ற உறுதி நம் மனத்தில் ஏற்பட்டுவிடுகிறது. உண்மையில் அந்தப் பார்கோடு சொல்வது, இந்தத் தாளை நாம் யாருக்கு அனுப்பினோம் என்பதை மட்டுமே. கொடுத்தவர் யார் என்பதை அதனால் சொல்ல முடியாது. மனைவியின் பெயருக்குப் போன படிவத்தில் கணவரின் கணக்கிலிருந்து காசோலை வரும். ஒருவர் படிவத்தைத் தன் தோழிக்குக் கொடுத்திருப்பார். தோழி அச்சிட்ட பெயரை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, மேலே தன் பெயரையும் முகவரியையும் எழுதி அனுப்பியிருப்பார். கோடுகள் அப்படியே இருக்கும். ஸ்கேனர் பழைய பெயரையே சொல்லும். பதிவாளர் தாளைப் பார்க்காமல் தொகையை மட்டும் இட்டுவிட்டால், முதன்முதலாக நம்மைத் தேடி வந்த ஒரு புதிய கொடையாளர் நன்றிகூடப் பெறாமல் மறைந்துபோவார். பணம் கொடுக்காத ஒருவரின் கைக்கு ரசீது போகும். கையால் தேடிய காலத்தில் இந்தப் பிழை அரிதாகவே நேர்ந்தது, ஏனென்றால் அப்போது தாளில் எழுதியிருந்ததைப் படித்தே ஆக வேண்டியிருந்தது.

ஆகவே மென்பொருளை அமைக்கும்போது, ஸ்கேன் செய்ததும் சுட்டி நேரே தொகைக் கட்டத்துக்குப் போய்விடக் கூடாது என்று நான் வாதிடுவேன். பெயர் திரையின் நடுவில் பெரிய எழுத்தில் வர வேண்டும்; படிவத்திலும் காசோலையிலும் இருக்கும் பெயரோடு அதை ஒப்பிட்ட பிறகு பதிவாளர் ஒரு விசையை அழுத்தினால்தான் தொகைக் கட்டம் திறக்க வேண்டும். ஒரு படிவத்துக்கு ஓரிரு நொடி கூடும். முன்பு தேடலுக்குச் செலவான நேரத்தோடு பார்த்தால் அது ஒரு பொருட்டே இல்லை. ஒரே படிவ எண் இரண்டாம் முறை வந்தால் கணினி மறுக்காமல் கேள்வி கேட்க வேண்டும். தவறுதலாக இருமுறை ஸ்கேன் செய்திருக்கலாம், கொடையாளரே படிவத்தை நகலெடுத்து இரண்டாம் முறை பணம் அனுப்பியும் இருக்கலாம். படிவத்தின் பின்பக்கம் கையால் எழுதிய வரிகள் ஏதேனும் இருந்தால் அந்தத் தாள் கட்டிலிருந்து தனியே எடுத்துவைக்கப்பட வேண்டும். ‘என் தாயின் நினைவாக’ என்று ஒருவர் எழுதியிருந்தால், அச்சிட்ட நன்றிக் கடிதம் அவருக்குப் போதாது. பார்கோடு மிச்சப்படுத்தும் நேரம் இந்தத் தாள்களுக்குத்தான் போய்ச் சேர வேண்டும்; ஆட்குறைப்புக்கு அதைக் காரணமாக்கும் நிர்வாகம் பயனை ஒரு கையால் வாங்கி மறு கையால் கொட்டிவிடுகிறது.

படிவத்தில் மட்டுமன்றி, அனுப்பும் உறையின் முகவரிப் பக்கத்திலும் அதே எண் தெரிய வேண்டும். சேராமல் திரும்பி வரும் கடிதங்களை முன்னிட்டுச் சொல்கிறேன். ‘இந்த முகவரியில் இல்லை’, ‘வீடு மாறிவிட்டார்’, ‘காலமானார்’ என்ற குறிப்புகளோடு அவை மூட்டையாகத் திரும்பி வந்து, பார்க்க ஆளின்றி அறையின் மூலையில் கிடப்பதைப் பல அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். உறையைப் பிரிக்காமலே ஸ்கேன் செய்து, மேசை அட்டையில் உரிய காரணத்தையும் ஸ்கேன் செய்தால் ஒரு மூட்டை ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். போகாத முகவரிக்கு அடுத்த முறை தபால்தலை ஒட்டும் செலவு மிஞ்சும் என்பது ஒரு பக்கம். மறைந்தவரின் பெயருக்கு ‘அன்புடையீர், உங்கள் உதவி எங்களுக்கு வேண்டும்’ என்று மாதந்தோறும் கடிதம் போவதைத் தடுக்க முடியும் என்பது இன்னொரு பக்கம். அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கும் பிள்ளைகளை நினைத்தால், பார்கோட்டுக்கு வேறு எந்த நியாயமும் தேவையில்லை. ஆனால் ‘காலமானார்’ என்ற பதிவை ஒருவர் இட்ட பின் இன்னொருவர் உறுதிசெய்த பிறகே அது நிலைபெற வேண்டும். உயிரோடு இருப்பவரை மறைந்தவராகக் குறித்துவிடுவதும் அதே அளவு கொடியது.

உண்டியல்களுக்கும் இதே முறையைப் பயன்படுத்தலாம். உண்டியலுக்கு ஒரு எண், முத்திரைக்கு ஒரு எண், எடுத்துச்செல்லும் தன்னார்வலருக்கு ஒரு எண். கொடுக்கும்போது மூன்றையும் ஸ்கேன் செய்து, திரும்பி வரும்போது மறுபடி ஸ்கேன் செய்தால், எது யாரிடம் இருக்கிறது, எது இன்னும் திரும்பவில்லை, எதன் முத்திரை மாறியிருக்கிறது என்பது யாரையும் சந்தேகிக்காமலே தெரிந்துவிடும். நேர்மையான தன்னார்வலருக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை. பிரிட்டனில் தொண்டு நிறுவனக் கடைகள் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கின்றன. பயன்படுத்திய பொருள்களைக் கொடுப்பவரின் எண்ணைப் பார்கோடு ஒட்டியாகப் பொருளின் மீது ஒட்டுகிறார்கள். அது விற்றதும் தொகை அவர் கணக்கில் சேர்கிறது. வரி செலுத்துபவரான அவர் அந்தத் தொகையை நன்கொடையாக அளிக்க இசைந்தால், ‘கிஃப்ட் எய்ட்’ திட்டத்தின் கீழ் அதன்மீது 25 விழுக்காட்டை நிறுவனம் அரசிடம் கோரலாம். இந்த ஒட்டி இல்லாவிட்டால் எந்தப் பொருள் யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது.

காசோலை குறைந்து கைப்பேசி வழிப் பணம் பெருகும் இக்காலத்தில் கியூஆர் கோட்டைப் பற்றியும் பேச வேண்டும். ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் 1994இல் வெளியிட்ட அந்தச் சதுரக் குறியீடு, அதன் மிக உயர்ந்த பிழைதிருத்த நிலையில் ஏறக்குறைய 30 விழுக்காடு சிதைந்தாலும் படிக்கக்கூடியது. இதன் சிறப்பு, ஸ்கேன் செய்பவர் கொடையாளரே என்பது. இதன் குறையும் அங்கேதான் தொடங்குகிறது. சுவரொட்டியிலும் கடிதத்திலும் ஒரே கியூஆர் கோட்டை எல்லோருக்கும் பொதுவாக அச்சிட்டுவிடுகிறார்கள். வங்கிக் கணக்கில் பணம் வந்து விழுகிறது. யார் அனுப்பியது, எதற்காக அனுப்பியது என்பது மறைந்துவிடுகிறது. தீர்த்துவிட்டதாக நினைத்த பழைய சிக்கல் புதிய வாசல் வழியே திரும்புகிறது. சுவிட்சர்லாந்தில் இதை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். 2020 ஜூன் 30 அன்று அறிமுகமாகி, 2022 அக்டோபர் முதல் பழைய செலுத்துச் சீட்டுகளுக்கு முற்றிலும் மாற்றாகிவிட்ட அந்நாட்டுக் கியூஆர் சீட்டில் 27 இலக்கக் குறிப்பெண் ஒன்றுக்கு இடம் இருக்கிறது; தொகைக் கட்டத்தை வெறுமையாக விடவும் வழி உண்டு. கொடையாளர் எண்ணையும் வேண்டுகோளின் எண்ணையும் அந்தக் குறிப்பெண்ணுக்குள் வைத்து அனுப்பினால், பணம் வங்கியில் சேரும்போது அதே எண் கணக்குப் பட்டியலில் நிறுவனத்துக்குத் திரும்பி வருகிறது. மற்ற நாடுகளிலும், பயன்படுத்தும் கட்டண முறையில் குறிப்புக்கென்று ஒரு புலம் இருந்தால், அதை ஒவ்வொரு கடிதத்துக்கும் தனித்தனியே நிரப்பி அச்சிடுவது செய்யக்கூடிய வேலைதான்.

குறியீட்டுக்குள் எதை வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கியூஆர் கோட்டில் இடம் ஏராளம் என்பதால் பெயர், தொலைபேசி எண், கடைசியாகக் கொடுத்த தொகை என்று எல்லாவற்றையும் அடைக்கும் ஆசை வரும். உறையின் சாளரத்தில் தெரியும் குறியீட்டை யார் கைப்பேசியாலும் படிக்கலாம். கொடையாளர் பெருந்தொகை கொடுப்பவர் என்பதையோ, ஒரு நோய்க்கான சங்கத்தோடு தொடர்புடையவர் என்பதையோ வழியில் எவரும் அறிய இடம் தரக் கூடாது. நம் தரவுத்தளத்துக்கு வெளியே எந்தப் பொருளும் தராத வெறும் எண் மட்டுமே காகிதத்தில் பயணம் செய்ய வேண்டும். பெருங்கொடையாளருக்கென்று தனி எண் வரிசை ஒதுக்குவதுகூட வேண்டாம். எண்ணின் முதல் இலக்கத்தைப் பார்த்தே பிரிவைச் சொல்லிவிடும் பழக்கம் அலுவலகத்துக்குள் விரைவில் பரவிவிடும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு, திரும்பி வரும் உறைகளில் தொடங்குங்கள் என்பேன். அங்கே பணம் சம்பந்தப்படவில்லை, வங்கிக் கணக்கோடு நேர்செய்ய ஒன்றுமில்லை, பிழை நேர்ந்தாலும் திருத்த அவகாசம் உண்டு. பதிவாளர்களுக்கும் ஸ்கேனர் பழகிவிடும். அடுத்த வேண்டுகோளுக்குப் பதில் படிவத்தில் கோடுகளைச் சேர்க்கலாம். அச்சகம் முழு எண்ணிக்கையையும் அச்சிடும் முன், உண்மையான தாளில், உண்மையான மையில் அச்சிட்ட சில மாதிரிகளைக் கேட்டு வாங்குங்கள். அவற்றைக் கொடையாளர் மடிப்பதுபோல் மடித்து, பதில் உறைக்குள் இட்டு, உங்களுக்கே தபாலில் அனுப்பிக்கொள்ளுங்கள். வந்து சேர்ந்ததும், நாள்தோறும் அந்த மேசையில் உட்காரப்போகிற பதிவாளரிடமே ஸ்கேனரைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அதோடு, பெயர் அடித்துத் திருத்தப்பட்ட படிவம் ஒன்றையும் அந்தக் கட்டுக்குள் சேர்த்துவையுங்கள். அவர் அதைக் கண்டுபிடித்து எடுத்துவைக்கிறாரா என்று பார்த்த பிறகு அச்சகத்துக்கு ஒப்புதல் கொடுங்கள்.